யாரும் விழாத இறுதிப் போட்டியில் தங்கம் எப்படி?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். 2024 மே மாதம் அபுதாபியில் நடந்த உலக ஜூடோ சாம்பியன்ஷிப்பின் பெண்கள் 57 கிலோ இறுதிப் போட்டியையும், இரண்டு மாதம் கழித்துப் பாரிஸ் ஒலிம்பிக்கில் அதே பிரிவின் இறுதிப் போட்டியையும், ஜூடோ கற்கும் உங்கள் மகளோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள். இரண்டிலும் அதே இருவர்: கனடாவின் கிறிஸ்டா டெகுச்சி, தென்கொரியாவின் ஹு மிமி. அபுதாபியில் ஹு ஜெயித்தார். பாரிஸில் டெகுச்சி ஜெயித்தார். இரண்டு முறையும் தோற்றவர் முதுகில் விழுந்து தோற்கவில்லை. விதிமீறலுக்கு நடுவர் கொடுக்கும் தண்டனையான ஷிடோவை மூன்றாவது முறை வாங்கித் தோற்றார். "யாருமே விழலையேப்பா, அப்புறம் எப்படி ஜெயிச்சாங்க?" என்று மகள் கேட்டதற்கு உங்களிடம் பதில் இல்லை. விதி என்ன என்று கேட்பதுபோல எழுதியிருந்தாலும், உங்கள் சந்தேகம் விதியைப் பற்றியது இல்லை என்று நினைக்கிறேன். அந்தத் தங்கத்தை அவர்கள் ஜெயித்தார்களா, நடுவர் கொடுத்தாரா என்பதுதான் உங்கள் கேள்வி.

பதிலுக்கு முன் நான் எங்கே நின்று பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். கல்லூரிக் காலத்தில் ஆடினேன், பிறகு பல வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், இப்போது மாவட்ட, மாநிலப் போட்டிகளில் நடுவராக நிற்கிறேன். உலகப் போட்டியின் மேட் மேலே நின்று தீர்ப்பு சொன்ன அனுபவம் எனக்கு இல்லை. ஆகவே விதியைப் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். அந்த இரண்டு ஷிடோக்களும் சரியா என்பதில் நான் சொல்வது, உங்களைப் போலவே காணொளி பார்த்த, கொஞ்சம் பழகிய கண் உள்ள ஒருவரின் கருத்து.

உறுதியானதில் இருந்து தொடங்கலாம். ஷிடோ எதிராளிக்குப் புள்ளி தருவதில்லை. இதைத்தான் பெரும்பாலானவர்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 2013 முதல் 2016 வரை இருந்த விதிப்படி, நேரம் முடியும்போது புள்ளிகள் சமமாக இருந்தால் ஷிடோ குறைவாக வாங்கியவர் ஜெயித்துவிடுவார். அதனால் ஒரு ஷிடோ முன்னிலை வந்ததும் மீதி நேரத்தை ஓட்டிவிடும் ஆட்டங்கள் பெருகின. அந்த ஆண்டுகளின் பதிவுகளைப் பார்த்தால் உங்களுக்கே அலுத்துவிடும். 2017, 2018 ஆண்டுகளில் செய்த மாற்றங்களுக்குப் பிறகு அந்தக் கணக்கு போனது. இப்போது ஒருவருக்கு இரண்டு ஷிடோ, இன்னொருவருக்கு ஒன்றுகூட இல்லை என்றாலும் ஆட்டம் சமநிலைதான். ஆனால் மூன்றாவது வந்தால் அது ஹன்சோகு-மாகே, அதாவது தகுதியிழப்பு. திரையில் இரண்டு மஞ்சள் அட்டைக்குப் பிறகு சிவப்பு வருவது அதுதான். முன்பு நான்காவது ஷிடோவில்தான் வெளியேற்றம். 2017இல் அதை மூன்றாகக் குறைத்தார்கள்.

இதோடு இன்னொரு விதியையும் சேர்த்துப் பாருங்கள். வழக்கமான ஆட்ட நேரம் 4 நிமிடம். அதற்குள் தீராவிட்டால் கோல்டன் ஸ்கோர், அதாவது முதல் புள்ளி எடுப்பவர் ஜெயிக்கும் கூடுதல் நேரம். 2013 முதல் கோல்டன் ஸ்கோருக்கு நேர வரம்பே கிடையாது. அதற்கு முன்பு வரம்பு இருந்தது. அது முடிந்தும் சமநிலை என்றால் நடுவரும் இரண்டு துணை நடுவர்களும் வெள்ளை அல்லது நீலக் கொடியைத் தூக்குவார்கள், பெரும்பான்மை எந்த நிறமோ அவர் ஜெயித்தார். அதை ஒழித்துவிட்டார்கள். ஆக இன்றைக்கு ஒரு ஆட்டம் முடிய வேண்டுமென்றால் யாராவது புள்ளி எடுக்க வேண்டும், இல்லையென்றால் யாராவது மூன்றாவது ஷிடோ வாங்க வேண்டும். காயம்பட்டு விலகுவது போன்றவற்றை விட்டால் வேறு வழி இல்லை. சமபலமுள்ள இருவர் மோதும் இறுதிப் போட்டி மூன்றாவது ஷிடோவில் முடிவது விபத்தில்லை. விதிகளே ஆட்டத்தை அங்கே கொண்டுபோய் விடுகின்றன.

அப்படியானால் ஷிடோவையே எடுத்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். எடுத்தால் ஆட்டமே நடக்காது. ஜூடோ தெரியாதவர்கள் கண்ணுக்குத் தெரிவது தூக்கி எறிவது மட்டும்தான். ஆடுபவர்களுக்கு முக்கால்வாசி ஆட்டம் அதற்கு முன்பே, பிடியில் நடக்கிறது. எதிராளியின் காலரையும் கைமடிப்பையும் நான் விரும்பியபடி பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அவரை அப்படிப் பிடிக்க விடாமல் வைத்திருந்தால் நான் தோற்கவே மாட்டேன். ஜெயிக்கவும் மாட்டேன், அது வேறு. உலகத் தரத்தில் எல்லாருக்கும் எதிராளியின் பிடியை உடைக்கத் தெரியும், இடுப்பைப் பின்னால் தள்ளி வளைந்து நிற்கத் தெரியும், கோட்டோரமாக நகர்ந்துகொண்டே இருக்கத் தெரியும். விட்டால் அரை மணி நேரம்கூட அப்படியே கழியும். கபடியில் தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவதை டூ ஆர் டை ரெய்டு ஆக்குகிறார்களே, அதே காரணம்தான் இங்கேயும். பிடி கிடைத்தும் முக்கால் நிமிடம் போல் தாக்காமல் இருந்தால், பிடிக்கவே மறுத்தால், வேண்டுமென்றே எல்லைக் கோட்டைத் தாண்டினால், இரண்டு கையாலும் எதிராளியின் பிடியைப் பிய்த்தெறிந்தால் ஷிடோ. காலைக் கையால் பிடித்தாலும் ஷிடோ.

இந்தப் பட்டியலில் பெரும்பாலானவை கண்ணால் பார்த்ததும் தெரிபவை. கோட்டைத் தாண்டினாரா இல்லையா என்று யாரும் நெடுநேரம் வாதாட முடியாது. சிக்கலெல்லாம் ஒரே ஒரு குற்றத்தில் இருக்கிறது: பொய்த் தாக்குதல். பாரிஸ் இறுதியில் ஹு மிமிக்கு விழுந்த மூன்றாவது ஷிடோ அதற்குத்தான். நடுவர் இரண்டு கைமுஷ்டிகளையும் முன்னால் நீட்டிக் கீழே இறக்கிக் காட்டினால் அது பொய்த் தாக்குதல். மார்புக்கு நேரே முன்கைகளை உருட்டிவிட்டு ஒருவரைச் சுட்டினால் அது தாக்காமல் இருந்ததற்கு. இந்த இரண்டு சைகையையும் மகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள், பாதி ஆட்டம் புரிந்துவிடும்.

பொய்த் தாக்குதலுக்கு விதி சொல்லும் அடையாளங்கள் தெளிவாகவே இருக்கின்றன. சரியான பிடி இல்லாமலே உள்ளே புகுவது, புகுந்த கையோடு பிடியை விட்டுவிடுவது, எதிராளியின் நிலை கொஞ்சமும் குலையாத தாக்குதலைத் திரும்பத் திரும்பச் செய்வது, சும்மா ஒரு காலை நடுவில் நீட்டிவைப்பது. எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: எறியும் எண்ணம் இருந்ததா, அல்லது தாக்கியதாகக் காட்டிக்கொண்டு ஷிடோவில் இருந்து தப்பப் பார்த்தாரா? எண்ணத்தை எப்படிப் பார்ப்பது? மேட் மேலே நிற்கும்போது நான் எதிராளியின் குதிகாலைத்தான் பார்ப்பேன். தாக்குதல் உண்மையானது என்றால், தோற்றுப்போன தாக்குதலிலும்கூட எதிராளியின் எடை ஒரு கணமாவது ஏதோ ஒரு பக்கம் சாயும், குதிகால் லேசாக எழும். சாயவே இல்லை, இவர் மட்டும் தானாக முழங்காலில் உட்கார்ந்துவிட்டார் என்றால் என் மனதில் கேள்வி வரும். அதுவும் கேள்விதான், பதில் இல்லை.

இங்கேதான் ஹு மிமியின் பாணி அவருக்கு எதிராகப் போனது என்று எனக்குப் படுகிறது. அவருடைய முக்கிய ஆயுதம் தாழ இறங்கி முதுகில் ஏற்றி எறியும் செயோய்-நாகே. எதிராளியின் கீழே புகுந்து, முழங்கால் தரையைத் தொடும் அளவுக்கு இறங்கி, தோளுக்கு மேலாக இழுத்துப் போடுவது. பலித்தால் பார்க்க அவ்வளவு அழகு. பலிக்காவிட்டால், எதிராளி ஒரு அடி பின்னால் தள்ளி நின்றுவிட்டால், இறங்கியவர் தரையில் குனிந்து கிடப்பார். வெளியில் இருந்து பார்க்க, பொய்த் தாக்குதலுக்கும் இதற்கும் வித்தியாசம் மிகக் குறைவு. களைப்பு கூடக் கூட அந்த வித்தியாசம் இன்னும் குறையும், ஏனென்றால் இழுக்கும் கையில் தெம்பு இருக்காது. நின்றபடி காலால் தாக்குபவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. அவர்கள் தாக்குதல் பலிக்காவிட்டாலும் நின்றுகொண்டே இருப்பார்கள், ஆட்டம் நிற்காமல் தொடரும், நடுவரின் கண் அடுத்த பிடிக்குப் போய்விடும்.

சரி, பாரிஸில் அந்த மூன்றாவது ஷிடோ சரியா? விதிப் புத்தகத்தை எழுத்துக்கு எழுத்து வைத்துப் பார்த்தால் கொடுக்க இடமிருக்கிறது. ஆனால் கோல்டன் ஸ்கோரில் அதிகம் முன்னால் வந்து தாக்கியவர் ஹு என்றே என் கண்ணுக்குப் பட்டது. தாக்கிக்கொண்டிருப்பவரின் ஒரு தாக்குதல் பிசகினால், அதையே பொய்த் தாக்குதல் என்று சொல்லி ஒலிம்பிக் இறுதியை முடிப்பேனா என்று கேட்டால், நான் முடித்திருக்க மாட்டேன். எங்கள் மாநிலப் போட்டிகளிலேயே முதல் ஷிடோவுக்குக் கை தயங்காமல் எழும், மூன்றாவதற்கு யாராக இருந்தாலும் ஒரு மூச்சு யோசிப்போம். அந்த யோசிப்பு நியாயமா என்றும் கேட்கலாம். முதலாவது எந்த அளவுகோலோ மூன்றாவதும் அதே அளவுகோல்தானே இருக்க வேண்டும் என்று கறாராகச் சொல்லும் மூத்த நடுவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதில் தவறு காண முடியாது. ஆகவே இது சந்தேகத்துக்குரியது என்ற பக்கத்தில் வைக்கிறேன், தவறு என்ற பக்கத்தில் வைக்க மாட்டேன். ஜெயித்த டெகுச்சியே அன்றைக்கு, ஷிடோவில் ஆட்டம் முடியும் இந்த நிலை மாற வேண்டும் என்ற தொனியில்தான் பேசினார். தோற்ற ஹு, இதுவும் ஆட்டத்தின் ஒரு பகுதி என்று ஏற்றுக்கொண்டார். இருவரும் பார்வையாளர்களைவிட நிதானமாக இருந்தார்கள்.

பாரிஸைப் பற்றிக் கோபப்படுபவர்கள் அபுதாபியை மறந்துவிடுகிறார்கள். அங்கே ஹு உலக சாம்பியன் ஆனதும் இதே வழியில்தான். நெடுநேரம் இழுத்த கோல்டன் ஸ்கோருக்குப் பிறகு டெகுச்சிக்கு மூன்றாவது ஷிடோ. கொரியப் பெண்களில் 1995க்குப் பிறகு கிடைத்த முதல் உலகத் தங்கம் அது. உலக சாம்பியன்ஷிப்பில் ஒரு எடைப் பிரிவு முழுவதும் ஒரே நாளில் முடிந்துவிடும். காலையில் முதல் சுற்றுகள், மாலையில் பதக்க ஆட்டங்கள். இறுதிக்கு வருபவர் அன்றைக்கு ஐந்தாவது அல்லது ஆறாவது ஆட்டம் ஆடுகிறார். முதல் நாளே எடை காட்ட வேண்டியிருப்பதால் பலர் உடம்பை வற்ற வைத்துத்தான் வந்திருப்பார்கள். அந்த உடம்போடு கோல்டன் ஸ்கோர் நீண்டுகொண்டே போனால் முதலில் போவது விரல்கள். விரல் போனால் பிடி போகும், பிடி போனால் தாக்குதல் போகும், தாக்குதல் போனால் ஷிடோ வரும். மூன்றாவது ஷிடோவில் கணிசமானவை, யார் முதலில் தளர்ந்தார் என்பதைத்தான் சொல்கின்றன. அதுவும் ஒருவகை வெற்றிதான். கண்ணுக்கு இனிமையாக இருக்காது, அவ்வளவுதான்.

நடுவர் ஒருவர் கையிலா எல்லாம் இருக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லை, ஆனால் ஒருகாலத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 100 கிலோவுக்கு மேற்பட்டோர் இறுதி: ஜப்பானின் ஷினிச்சி ஷினோஹாரா, பிரான்ஸின் டாவிட் டுய்யே. டுய்யே உள்தொடைக்குள் காலை வீசித் தூக்கப் பார்த்தார். ஷினோஹாரா காலை விலக்கி அவரையே திருப்பிப் போட்டார். மூலையில் இருந்த துணை நடுவர்களில் ஒருவர் ஷினோஹாராவுக்கு இப்போன், அதாவது முழுப் புள்ளி, ஆட்டம் முடிந்தது என்று காட்டினார். மேட் நடுவரும் இன்னொரு துணை நடுவரும் டுய்யேவுக்கு யூகோ என்ற சின்னப் புள்ளியைக் கொடுத்தார்கள். இரண்டு பேர் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம். டுய்யே தங்கம் வென்றார். ஜப்பான் போராடியும் முடிவு மாறவில்லை. தான் பலவீனமாக இருந்ததால் தோற்றதாக ஷினோஹாரா சொல்லி முடித்துக்கொண்டார். அந்த எறிதலைப் பார்த்துவிட்டு அது டுய்யேவுடையது என்று சொல்லும் ஜூடோக்காரரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

2012 லண்டனில் நடந்தது இதைவிட விசித்திரம். 66 கிலோ காலிறுதி, ஜப்பானின் மசாஷி எபினுமாவும் கொரியாவின் சோ ஜுன்-ஹோவும். கோல்டன் ஸ்கோரும் முடிந்து கொடிக்கு வந்தது. மூன்று பேரும் சோவின் நீலக் கொடியைத் தூக்கினார்கள். அரங்கம் கூச்சலிட்டது, மேலே இருந்த நடுவர் குழு தலையிட்டது, அதே மூன்று பேரும் மறுபடி கொடி தூக்கினார்கள், இந்த முறை மூன்றும் எபினுமாவுக்கு வெள்ளை. கடைசியில் இருவருமே வெண்கலம் வாங்கினார்கள். எது சரியான முடிவு என்பதைவிட, ஒரே ஆட்டத்துக்கு ஒரே மூவர் இரண்டு தீர்ப்பு சொன்னதுதான் உலகத்தின் முன்னால் வெட்கமாகிப்போனது. கொடிகள் மறைந்ததும், மேட் மேலே ஒரே நடுவர் நிற்க மற்ற இருவர் ஓரத்தில் வீடியோ மேசைக்குப் போனதும் அடுத்த ஆண்டு, 2013இல். இன்று உலகப் போட்டியில் நடுவர் காதில் ஒரு கருவி இருக்கும்; மேசையில் இருந்து "அது புள்ளி இல்லை" என்றால் கொடுத்ததைத் திரும்ப எடுத்துவிடுவார். நீங்கள் பார்த்த இரண்டு மூன்றாவது ஷிடோவும் அந்த மேசையின் கண் முன்னால் நடந்தவை.

நீல உடை ஏன் என்று மகள் கேட்டாளே, அதற்கும் பதில் இங்கேதான். இருவருமே வெள்ளை உடுத்தினால் வேகத்தில் யார் கை, யார் கால் என்று தெரியாது. ஒருவருக்கு நிற உடை கொடுக்கலாம் என்று 1980களில் சொன்னவர் நெதர்லாந்தின் அன்டன் கேசிங்க். 1961இல் பாரிஸில் ஜப்பானியர் அல்லாத முதல் உலக சாம்பியன் ஆனவர், 1964 டோக்கியோவில் ஜப்பானியர் முன்னாலேயே ஒலிம்பிக் தங்கம் எடுத்தவர். வெள்ளை தூய்மையின் அடையாளம் என்று ஜப்பான் எதிர்த்து நின்றது. 1997இல் உலகக் கூட்டமைப்பு நீலத்தை ஏற்றது. சிட்னி இறுதியில் நீலம் வந்தும் பிரயோஜனம் இல்லாமல் போனது என்பது வேறு கதை.

வீடியோ வந்ததால் எல்லாம் தீர்ந்ததா? அதற்கு 2023 மே மாதம் தோஹாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்தான் பதில். 100 கிலோவுக்கு மேற்பட்டோர் இறுதி. ஒரு பக்கம் பிரான்ஸின் டெடி ரினேர், 34 வயது, 2017க்குப் பிறகு முதன்முறையாக உலக சாம்பியன்ஷிப்புக்கு வந்திருந்தார். மறுபக்கம் இனால் தசோயேவ், ரஷ்யர், நடுநிலை வீரராக அனுமதிக்கப்பட்டவர். கோல்டன் ஸ்கோரில் தசோயேவின் எதிர்த் தாக்குதல் ஒன்றுக்கு மேசையும் புள்ளி தரவில்லை, மேட் நடுவரும் தரவில்லை. ஆட்டம் தொடர்ந்து ரினேர் ஜெயித்தார். அது அவருடைய 11வது உலகப் பட்டம். போட்டி முடிந்த பிறகு கூட்டமைப்பு அந்தப் பதிவை ஆராய்ந்து, தசோயேவுக்குப் புள்ளி கொடுத்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டது. கோல்டன் ஸ்கோரில் ஒரு புள்ளி என்றால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். ரினேரிடம் இருந்து தங்கத்தைப் பறிக்காமல், தசோயேவுக்கும் ஒரு தங்கம் கொடுத்தார்கள். இத்தனை கேமரா, இத்தனை கண் இருந்தும் ஒரு எறிதல் நழுவிப்போனது என்பது உறுதியான உண்மை. இரட்டைத் தங்கம் நல்ல தீர்வா என்பது கருத்து. என்னைக் கேட்டால், தவறை மூடி மறைப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல், ஆனால் அந்த மாலையில் தோற்றவராக மேட்டை விட்டு இறங்கிய தசோயேவுக்கு அது முழு ஈடு இல்லை. அவர் 2025இல் புடாபெஸ்டில் யாரோடும் பகிராமல் உலகத் தங்கம் வென்றார்.

எனவே "தங்கம் நடுவர் கொடுத்ததா" என்ற கேள்விக்கு ஒரு ஆட்டத்தை வைத்துப் பதில் சொன்னால், சில சமயம் ஆமாம் என்றுகூடச் சொல்ல வேண்டிவரும். ஒரு வீரரின் பத்து வருடத்தை வைத்துச் சொன்னால் பதில் மாறிவிடும். இதே ரினேர் 2010இல் டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்பின் எடை வரம்பற்ற பிரிவு இறுதியில் டைக்கி காமிகாவாவிடம் கொடித் தீர்ப்பில் தோற்றார், கொதித்துப்போனார். அதற்குப் பிறகு 2020 பிப்ரவரியில் பாரிஸில் கொகோரோ காகெயுராவிடம் விழும் வரை 154 ஆட்டம் தோற்கவே இல்லை. எந்த நடுவரும் ஒருவரை 154 முறை ஜெயிக்க வைக்க முடியாது. டெகுச்சியும் பாரிஸுக்கு வரும் முன்பே 2019லும் 2023லும் உலக சாம்பியன். ஷிடோவில் வந்த ஒலிம்பிக் தங்கத்தால் அவர் பெரிய வீராங்கனை ஆகவில்லை, ஏற்கெனவே அப்படித்தான் இருந்தார்.

விதியை எழுதுபவர்களுக்கும் உங்கள் மகளின் கேள்வி காதில் விழுந்திருக்க வேண்டும். 2017இல் எடுத்துவிட்ட யூகோவை 2025இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். எதிராளி பக்கவாட்டில் விழுந்தால் முன்பு பல நேரம் ஒன்றுமில்லை, இப்போது யூகோ. தரையில் அழுத்திப் பிடிப்பதிலும் 5 வினாடி தாங்கினால் யூகோ, 10 வினாடிக்கு வாசா-ஆரி என்ற அரைப் புள்ளி, 20 வினாடிக்கு இப்போன். சின்னப் புள்ளி ஒன்று எளிதாகக் கிடைத்தால் சமநிலை உடையும், கோல்டன் ஸ்கோர் குறையும், மூன்றாவது ஷிடோ வரை போகும் ஆட்டங்களும் குறையும் என்பது கணக்கு. கணக்கு நல்ல கணக்குதான். ஒரே குறை, சந்தேகம் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும்: அது பொய்த் தாக்குதலா என்று கேட்டவர்கள் இனி விழுந்தது பக்கவாட்டா வயிறா என்று கேட்பார்கள். ஆனாலும் விழுதல் என்பது கேமராவில் பிடிபடும் விஷயம், எண்ணம் பிடிபடாத விஷயம். வாதாடத்தான் வேண்டும் என்றால் நான் முந்தையதைப் பற்றி வாதாடுவேன்.

நம் பக்கத்துப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2022இல் சரயேவோவில் நடந்த கேடட் (18 வயதுக்கு உட்பட்டோர்) உலக சாம்பியன்ஷிப்பில் மணிப்பூரின் லிந்தோய் சானம்பாம் இதே 57 கிலோவில் தங்கம் வென்றார். எந்த வயதுப் பிரிவிலும் உலக சாம்பியன்ஷிப்பில் இந்தியாவுக்கு முதல் பதக்கம் அதுதான். திறமை இல்லாமல் இல்லை. ஆனால் நான் பார்த்தவரை நம் ஊர்களில் எறிதலைச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குப் பிடியைச் சொல்லிக்கொடுப்பதில்லை. வெளியே போய் ஆடும்போது முதல் நிமிடத்திலேயே பிடி கிடைக்காமல் திணறி ஷிடோ வாங்குகிறார்கள், இரண்டாவது வந்ததும் பதற்றத்தில் அரைகுறையாகப் பாய்ந்து விழுகிறார்கள். ஷிடோ நடுவரின் சதி என்று சொல்லிச் சமாதானம் செய்துகொள்ளும் பயிற்சியாளர்கள் அந்தப் பிள்ளைக்கு உதவி செய்யவில்லை.

உங்கள் மகளுக்கு என்ன சொல்வது? ஷிடோ வாங்க வைத்து ஜெயிக்கும் வித்தை இந்த வயதில் அவளுக்குத் தேவை இல்லை, அவள் பயிற்சியாளர் அதைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தால் ஒரு வார்த்தை கேளுங்கள். மற்றபடி, "இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் விழ விடல, அதுல யார் முதல்ல தாக்குறத நிறுத்தினாங்கன்னு பார்த்துச் சொன்னாங்க, சில நேரம் அது சரியா இருக்கும், சில நேரம் பெரியவங்களே சண்டை போட்டுக்குவாங்க" என்றால் அவளுக்குப் புரியும். அடுத்து, அதே பாரிஸ் ஒலிம்பிக்கில் 52 கிலோ இரண்டாம் சுற்றைப் போட்டுக் காட்டுங்கள். ஜப்பானின் உதா அபே, நடப்பு ஒலிம்பிக் சாம்பியன், 2019க்குப் பிறகு தோற்காதவர், வாசா-ஆரி முன்னிலையில் இருக்கிறார். உஸ்பெகிஸ்தானின் தியோரா கெல்தியோரோவா ஒரே எறிதலில் இப்போன் எடுத்து ஆட்டத்தை முடித்துவிடுகிறார், பிறகு தங்கமும் வாங்குகிறார். அதில் ஷிடோ, மேசை, காதுக் கருவி எதற்கும் வேலை இல்லை. ஆட்டம் முடிந்ததும் அபே நெடுநேரம் கதறி அழுவார். சின்னப் பிள்ளை என்றால் அதை முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டுக் காட்டுங்கள்.